கஞ்சித்தொட்டி முதல் காலை உணவு வரை

நுழையும்முன்

பசியை நம் முன்னோர் பிணி என்றனர். அப்பிணியைத் தீர்ப்பதைத் தலையாய அறமாகப் போற்றினர். அந்த அறம் இன்று அரசின் கடமையாகவும் குடிமக்களின் உரிமையாகவும் வளர்ந்துள்ளது. இராயபுரத்துக் கஞ்சித்தொட்டி தொடங்கிப் பள்ளிக் காலை உணவு வரை வடசென்னை கண்ட உணவுத் திட்டங்களின் வழியே, உணவும் உடல்நலமும் சமநீதியும் ஒன்றோடொன்று பிணைந்துள்ள முறையை இப்பாடம் விளக்குகிறது.

மருத்துவமனையின் பழைய பெயர்

வடசென்னையில் இராயபுரத்தை ஒட்டி, பழைய சிறைச்சாலைச் சாலையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை அமைந்துள்ளது. அப்பகுதியின் முதியோர் பலருக்கு அது 'கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி'. நோய் தீர்க்கும் இடத்துக்குக் கஞ்சியின் பெயர் ஏன் வந்தது? அப்பெயருக்குள் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கியிருக்கிறது.

1780ஆம் ஆண்டு தொடங்கிய மைசூர்ப் போரில் சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் பாழாயின. வயல்கள் அழிந்தன. பஞ்சத்துக்கு ஆளான மக்கள் சென்னைக் கோட்டையை நோக்கித் திரண்டு வந்தனர். அவர்களுக்காக 1782இல் நகரின் வடக்கு மதிலுக்கு வெளியே ஒரு சத்திரத்தில் கஞ்சி வார்க்கப்பட்டது. ஊர் மணியக்காரர் பெயரால் அது மணியக்காரர் சத்திரம் எனப்பட்டது. மக்களோ, கஞ்சி நிறைந்திருந்த தொட்டியைக் கொண்டு அவ்விடத்தைக் கஞ்சித்தொட்டி என்றனர்.

கஞ்சிக்கு வந்தோருள் பலர் நோயாளிகளாகவும் இருந்தனர். பசியால் உடல் தளர்ந்தவரைத் தொற்றுநோய் எளிதில் பற்றியது. எனவே சத்திரத்தின் அருகே 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்றை ஏற்படுத்தினார். சத்திரமும் மருத்துவமனையும் இணைந்து வளர்ந்தன. 1933இல் அங்கு ஸ்டான்லி மருத்துவப் பள்ளி உருவானது. 1938இல் அது கல்லூரியாக உயர்ந்தது.

அவ்விடத்தில் முதலில் வந்தது உணவு. அதன் பின்னரே மருந்து வந்தது. இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. போதிய உணவு கிடைக்காத உடலில் எந்த மருந்தும் முழுப்பயன் தருவதில்லை. நோய் வந்தபின் அதனைத் தீர்ப்பது மருத்துவமனையின் பணி. நோய் வருவதற்கு முன்பே உடலைக் காப்பது உணவின் பணி. ஆகவே ஓர் அரசு யாருக்கு, எவ்வளவு, எப்படிப்பட்ட உணவு கிடைக்கச் செய்கிறது என்பது மக்கள் நல்வாழ்வைத் தீர்மானிக்கும் கொள்கைகளுள் முதன்மையானதாகும்.

அறமும் அதன் எல்லையும்

பசித்தவர்க்கு உணவிடும் அறத்தை வாழ்வின் மையமாகக் கொண்டவர் வள்ளலார் இராமலிங்க அடிகள். அவர் வளர்ந்தது வடசென்னையின் ஏழுகிணறு பகுதியில். அங்கிருந்து திருவொற்றியூர்க் கோவிலுக்கு நடந்து சென்று வழிபடுவது அவர் வழக்கம். 1867ஆம் ஆண்டு அவர் வடலூரில் சத்திய தருமசாலையை நிறுவினார். சாதி, சமயம் பாராமல் பசித்தோர் அனைவர்க்கும் அங்கு உணவளிக்கப்பட்டது. அவர் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

தருமசாலை தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆவதற்குள் தென்னகத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1856இல், இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி புறப்பட்டிருந்தது. கடல்வழியே தானியம் வந்திறங்கியது. சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் குவிந்து கிடந்தன. இருந்தும் மக்கள் பட்டினியால் இறந்தனர். ஏனெனில் உயர்ந்துவிட்ட விலைக்கு அத்தானியத்தை வாங்க அவர்களிடம் பணம் இல்லை. பஞ்சம் என்பது பெரும்பாலும் உணவே இல்லாத நிலை அன்று. இருக்கும் உணவைப் பெறும் வழி மக்களுக்கு இல்லாத நிலை. பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் 1981இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் நிறுவியது இவ்வுண்மையையே ஆகும்.

பஞ்ச நிவாரணப் பணிகளில் உழைத்தோருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறிதளவு காசும் போதும் என ஆங்கில அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி வரையறுத்தார். செலவைக் குறைப்பதே அதன் நோக்கம். சென்னை மாகாணத்தின் நலவாழ்வு ஆணையர் கார்னிஷ் என்னும் மருத்துவர் அதனை வன்மையாக எதிர்த்தார். மண் வெட்டிச் சுமக்கும் உடலுக்கு அந்த அளவு போதாது. அது உழைப்பவரைச் சிறிது சிறிதாகப் பட்டினியில் தள்ளும் என்று அவர் எடுத்துரைத்தார். பின்னர் அந்த அளவு உயர்த்தப்பட்டது. உணவின் அளவைக் கருவூலக் கணக்கைக் கொண்டு முடிவு செய்வதா, உடலின் தேவையைக் கொண்டு முடிவு செய்வதா என்ற கேள்வி அன்று எழுந்தது. அக்கேள்வி இன்றளவும் தொடர்கிறது. எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளின் வழியே ஓடும் பக்கிங்காம் கால்வாயைக் காணும்போது அதனை நினைவுகூரலாம். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அக்கால்வாயின் பகுதி, அப்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக வெட்டப்பட்டதே.

தனிமனிதரின் ஈகை உயர்ந்தது. ஆயினும், பல இலட்சம் மக்களுக்கு நாள்தோறும் தவறாமல் உணவு கிடைக்க வேண்டுமெனில் அதற்குச் சட்டமும் நிதியும் நிருவாகமும் தேவை. ஈகையில் கொடுப்பவர் மனம் வைத்தால்தான் உணவு கிடைக்கும். உரிமையில் அதனைக் கேட்டுப் பெறலாம். இந்த மாற்றத்தின் கதையே தமிழகத்தின் உணவுக் கொள்கை வரலாறாகும்.

பள்ளியில் ஒரு வேளை உணவு

1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்க்கு, ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கலாம் என்பதே அத்தீர்மானம். அதற்குக் காரணமாக இருந்தவர் மாநகராட்சித் தலைவராக விளங்கிய பிட்டி தியாகராயர். வறுமையால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமலிருப்பதை அவர் மன்றத்தில் எடுத்துக் கூறினார். இன்று பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அத்திட்டம் மேலும் சில பள்ளிகளுக்கு விரிந்தது. மாணவர் எண்ணிக்கையும் பெருகியது. ஆயினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அன்றைய அரசு இசைவு தராததால் 1925இல் அது நின்றது. பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. கல்விக்கான பணத்தை உணவுக்குச் செலவிடலாமா என்பது அன்றைய அரசின் ஐயம். பசித்த வயிற்றோடு கல்வி ஏறாது என்பது தியாகராயரின் தெளிவு.

அந்தத் தெளிவு மாநிலம் முழுமைக்கும் பரவியது. முதலமைச்சர் காமராசர் 1956இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் அது நகர்ப்புறங்களுக்கும் வந்தது. அதன் சமையல் பணிகளில் ஆதரவற்ற பெண்கள் பலர் வேலைவாய்ப்புப் பெற்றனர். முதலமைச்சர் மு. கருணாநிதி 1989இல் சத்துணவோடு முட்டை வழங்கத் தொடங்கினார். அது படிப்படியாக உயர்ந்து, பள்ளி நாள்தோறும் ஒரு முட்டை என்னும் நிலையை எட்டியது. முட்டை உண்ணாதோர்க்கு வாழைப்பழம் தரப்படுகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று அளித்த ஆணையில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குமாறு அனைத்து மாநிலங்களையும் பணித்தது. தமிழகம் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த பணி, நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய உரிமையாயிற்று.

மதிய உணவுக்குப் பின் எஞ்சி நின்ற சிக்கல் காலைப் பசி. வடசென்னையின் வாழ்க்கை முறையில் அது தெளிவாகத் தெரியும். காசிமேட்டில் மீன் ஏலம் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். தொழிற்சாலைகளில் முதல் பணிமுறைக்குச் செல்வோர் பொழுது புலரும் வேளையிலேயே வீட்டைவிட்டுக் கிளம்புவர். தாயும் தந்தையும் சென்றபின் தாமாகவே எழுந்து பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருவது இயல்பு. முந்தைய இரவு உண்டபின் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உணவின்றிக் கழிகிறது. வளரும் பிள்ளையின் மூளைக்கு வேண்டிய ஆற்றல் குறைகிறது. அப்பிள்ளையால் பாடத்தில் மனம் ஊன்ற இயலுவதில்லை.

2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதற்கட்டத்தில் 1,545 அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் ஏறத்தாழ 1,14,000 குழந்தைகள் பயன்பெற்றனர். சென்னை மாநகராட்சியைப் பொறுத்தவரை வடசென்னைப் பள்ளிகளே அக்கட்டத்தில் இடம்பெற்றன. 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. 2024இல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளும் 2025இல் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை கிழமைதோறும் மாறி மாறிச் சாம்பாருடன் பரிமாறப்படுகின்றன. திட்டம் தொடங்கியபின் பெரும்பாலான பள்ளிகளில் மாணவர் வருகை கூடியிருப்பதை மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு காட்டியது.

பள்ளி உணவின் பயன் வருகைப் பதிவேட்டோடு முடிவதில்லை. ஒரே வரிசையில், ஒரே அடுப்பில் சமைத்த உணவை அனைவரும் உண்கின்றனர். யார் ஏழை, யார் எச்சாதி என்ற வினாவுக்கு அங்கு இடமில்லை. உடலுக்கு வலிமையும் மனத்துக்குத் தன்மானமும் ஒருங்கே கிடைப்பது அந்த வரிசையில்தான்.

தெரிந்து தெளிவோம்
2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி, முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவின் ஆட்சிக்காலத்தில் அம்மா உணவகங்களைத் தொடங்கியது. ஓர் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர்சாதம் மூன்று ரூபாய் என விலை வைக்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுவினர் இவற்றை நடத்துகின்றனர். அரசு மருத்துவமனை வளாகங்களிலும் இவை தொடங்கப்பட்டன. நோயாளியோடு வந்து தங்கும் உறவினரின் பசியும் மருத்துவச் செலவின் ஒரு பகுதி என்பதை இத்திட்டம் உணர்ந்தது.

எல்லார்க்குமான அட்டை

பள்ளிக் குழந்தையின் உணவை அரசு பார்த்துக்கொள்கிறது. வீட்டின் உலைக்கு வழி என்ன? அதற்கு விடையாக அமைந்தது பொது விநியோகத் திட்டம். 1997இல் நடுவணரசு இத்திட்டத்தை மாற்றியமைத்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர், மேல் உள்ளோர் எனக் குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. மலிவு விலைத் தானியம் முதல் பிரிவினரைக் குறிவைத்தே வழங்கப்பட்டது. தமிழ்நாடு அப்பிரிவினையை ஏற்கவில்லை. விரும்பும் குடும்பம் ஒவ்வொன்றும் அரிசி பெறலாம் என்னும் அனைவருக்குமான முறையைத் தொடர்ந்தது. 2008இல் ஒரு கிலோ அரிசி ஒரு ரூபாய்க்கு வழங்கப்பட்டது. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. 2013இல் நிறைவேறிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தமிழ்நாடு 2016இல் இணைந்தது. அச்சட்டம் நாட்டின் நகர்ப்புற மக்களுள் 50 விழுக்காட்டினர் வரையிலும் ஊரக மக்களுள் 75 விழுக்காட்டினர் வரையிலுமே கணக்கில் கொள்கிறது. எஞ்சிய குடும்பங்களுக்கான செலவை மாநில அரசு தன் நிதியிலிருந்து ஏற்கிறது.

வசதி உடையவர்க்கும் விலையில்லா அரிசி எதற்கு என்னும் வினா அடிக்கடி எழுகிறது. அது நியாயமான வினாவே. பொதுப்பணம் தேவையற்றவரிடம் சேர்வது ஒரு பிழை. அதனைச் சேர்ப்புப் பிழை என்பர். தேவையுள்ளவர் பட்டியலில் விடுபடுவது மற்றொரு பிழை. அதனை விலக்குப் பிழை என்பர். முதற்பிழையால் கருவூலத்துக்கு இழப்பு ஏற்படும். இரண்டாம் பிழையால் ஓர் உடலுக்கு இழப்பு ஏற்படும். பணத்தை மீண்டும் ஈட்டலாம். இரண்டு வயதில் குன்றிய வளர்ச்சியைப் பின்னர் முழுமையாக மீட்க இயலாது.

மேலும், ஏழை யார் என்பதை ஒருமுறை எண்ணிப் பட்டியலிட்டுவிட முடியாது. விசைப்படகில் கடலுக்குச் செல்லும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். மீன்பாடு நன்றாக உள்ள மாதத்தில் அவர் குடும்பம் வறுமைக்கோட்டுக்கு மேலே இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது அதே குடும்பம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். துறைமுகச் சுமைப்பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளர், கட்டுமானப் பணியாளர் ஆகியோரின் வருவாயும் இவ்வாறே ஏறி இறங்கும். ஒருநாள் எடுத்த கணக்கு மறுநாள் பொய்யாகிவிடும். அனைவருக்குமான அட்டையோ அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். 2020ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்று இதனை மெய்ப்பித்தது. சென்னையில் அத்தொற்று மிகுந்திருந்த பகுதிகளுள் இராயபுரம் மண்டலம் முன்னணியில் இருந்தது. வேலை முற்றிலும் நின்றுபோன அந்நாள்களில், அரிசி பெறும் அட்டை உடைய குடும்பங்கள் அனைத்துக்கும் உணவுப் பொருள்களும் உதவித் தொகையும் வழங்க முடிந்தது. புதிதாகப் பட்டியல் தயாரிக்கும் வரை எவரும் காத்திருக்க வேண்டிய தேவை எழவில்லை.

அனைவருக்கும் ஒரே அளவு தருவது மட்டுமே சமநீதி ஆகாது. தேவை மிகுந்தவர்க்கு மிகுதியாகத் தருவதும் அதன் பகுதியே. மிகவும் வறிய குடும்பங்களுக்கு அந்தியோதயா அன்ன யோஜனா திட்டத்தின்கீழ் மாதம் 35 கிலோ அரிசி தரப்படுகிறது. கருவுற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் அங்கன்வாடி மையங்கள் சத்துமாவு வழங்குகின்றன. வாயில் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும். உள்ளே வருவோருள் நலிந்தவர்க்குத் தனிக்கவனம் வேண்டும். தமிழகத்தின் உணவுக் கொள்கையில் சமத்துவமும் சமநீதியும் இவ்வாறு இணைகின்றன.

உணவே தடுப்பு மருந்து

உணவு உதவி நோயைத் தடுக்கும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் வலுவாக உள்ளன. அவற்றுள் ஒன்று காசநோய் பற்றியது. காற்றோட்டமற்ற நெருக்கமான வீடுகளிலும் ஊட்டம் குறைந்த உடல்களிலும் காசநோய் எளிதில் பரவுகிறது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற ஆய்வொன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடைபெற்றது. காசநோயாளிகளின் குடும்பத்தினருள் ஒரு பிரிவினருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு உள்ளிட்ட உணவுப் பொருள்களும் நுண்சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. இவற்றைப் பெறாத குடும்பங்களோடு ஒப்பிட்டபோது, பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்திருந்தது. இம்முடிவுகள் 2023இல் வெளியாயின. ஒரு குடும்பத்தின் அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தின் பணியைச் செய்தன எனலாம்.

மற்றொரு சான்று தலைமுறை பற்றியது. பள்ளி நாள்களில் மதிய உணவு பெற்ற சிறுமியர் வளர்ந்து தாயானபோது, அவர்தம் குழந்தைகளிடம் வயதுக்கேற்ற உயரமின்மை குறைந்திருந்ததாக இந்திய அளவிலான தரவுகளைக் கொண்டு 2021இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. இன்று ஒரு சிறுமியின் தட்டில் இடும் உணவு, இன்னும் பிறவாத குழந்தை ஒன்றின் எலும்பிலும் சேர்கிறது.

2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்போர் இந்தியாவில் 35.5 விழுக்காடு. தமிழ்நாட்டில் அது 25 விழுக்காடு. பெண்கல்வி, தாய்சேய் மருத்துவ வசதி ஆகியவற்றோடு உணவுத் திட்டங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் நான்கில் ஒரு குழந்தை இன்னும் அந்நிலையில் உள்ளது என்பதை மறத்தலாகாது.

வயிறு நிறைந்தால் போதுமா?

விலையில்லா அரிசி ஒரு குடும்பத்துக்கு எந்த அளவுக்கு உதவுகிறது? எளிய கணக்கொன்றைக் காண்போம். நால்வர் அடங்கிய குடும்பம் மாதம் 20 கிலோ அரிசி பெறுகிறது எனக் கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 165 கிராம் கிடைக்கும். அது தரும் ஆற்றல் ஏறக்குறைய 570 கலோரி. கடின உழைப்பில் ஈடுபடும் ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஆக, மூட்டை சுமப்பவரின் தேவையில் ஆறில் ஒரு பங்கையே அந்த அரிசி நிறைவு செய்கிறது. அதன் உண்மையான பயன் வேறொரு வகையிலும் அமைகிறது. அரிசிக்குச் செலவிட வேண்டிய பணம் மிஞ்சுகிறது. அப்பணம் பருப்பாக, கீரையாக, முட்டையாக, மீனாக மாறும்போதே குடும்பத்தின் உடல்நலம் உயர்கிறது.

அவ்வாறு மாறாதபோது நிகழ்வதையும் மேற்கூறிய கணக்கெடுப்பே காட்டுகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் அது 57.4 விழுக்காடு. மறுபுறம், பெண்களுள் 40.4 விழுக்காட்டினர் மிகை உடல் எடை கொண்டவர்களாக உள்ளனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்துள்ளது. ஒரே வீட்டில் இரத்தசோகை உள்ள மகளும் நீரிழிவு உள்ள தாயும் வாழ்கின்றனர். வயிறு நிறைகிறது, ஆனால் உடலுக்கு வேண்டியவை அனைத்தும் கிடைப்பதில்லை. தீட்டிய அரிசியே உணவின் பெரும்பகுதியாக இருப்பது இதற்கான காரணங்களுள் ஒன்று.

இதனை உணர்ந்து சில மாற்றங்கள் தொடங்கியுள்ளன. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை சேர்க்கப்பட்ட செறிவூட்டப்பட்ட அரிசி நியாயவிலைக் கடைகளில் வழங்கப்பட்டது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு தரப்படுகிறது. சிறுதானியமும் பயறும் முட்டையும் உழைக்கும் மக்களுக்கு எளிதில் கிடைக்கும் நிலையே உணவுக் கொள்கையின் அடுத்த படியாகும்.

விடுபட்டோரும் விடுபடக் கூடாதவையும்

அனைவருக்குமான திட்டத்திலும் சிலர் விடுபடுகின்றனர். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்த் தொழிற்பகுதிகளில் வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் பணிபுரிகின்றனர். அவர்தம் குடும்ப அட்டைகள் சொந்த ஊரில் இருக்கும். 'ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை' திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் நடைமுறையில் உள்ளது. அதன்படி அவர்கள் இங்குள்ள கடையிலேயே தமக்குரிய தானியத்தைப் பெறலாம். ஆயினும் மொழி தெரியாமையும் திட்டத்தைப் பற்றிய அறியாமையும் தடைகளாக நிற்கின்றன.

கைவிரல் ரேகையைப் பதிந்து பொருள் பெறும் முறை போலிகளைத் தடுக்கவும் அரிசிக் கடத்தலைக் குறைக்கவும் கொண்டுவரப்பட்டது. அந்நோக்கம் தேவையானதே. ஆனால் வலைக்கயிற்றை இழுத்தும் மூட்டைகளைச் சுமந்தும் தேய்ந்துபோன விரல்களைக் கருவி அறிந்துகொள்ளாமல் போவதுண்டு. உழைப்பின் தழும்பே ஒருவர் உணவு பெறத் தடையாகிவிடலாகாது. அத்தகையோர்க்கு மாற்று வழிகள் எளிதாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. கடற்கரை மக்களுக்கு மீன் வெறும் விற்பனைப் பொருளன்று. அவர்தம் குழந்தைகளின் புரதமும் அதுவே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர் பல நாள்கள் தொழிலுக்குச் செல்ல முடியவில்லை. கொசத்தலை ஆற்றின் கழிமுகம் கெட்டால், எந்த நியாயவிலைக் கடையாலும் அந்த மீனை ஈடுசெய்ய இயலாது. ஆகவே நீரையும் காற்றையும் நிலத்தையும் காப்பதும் உணவுக் கொள்கையின் ஒரு பகுதியாகும்.

நிறைவாக

1782இல் கஞ்சித்தொட்டியின் முன் நின்றவர்கள் கையேந்தி நின்றனர். இன்று நியாயவிலைக் கடையில் நிற்பவர் தம் பெயர் பொறித்த அட்டையோடு நிற்கிறார். பொருளின் எடை குறைந்தால் அவரால் கேள்வி கேட்க முடியும். தரம் குறைந்தால் முறையிட முடியும். இரண்டு நூற்றாண்டுகளில் நிகழ்ந்த பெருமாற்றம் இதுவே ஆகும். உணவு ஈகையிலிருந்து உரிமையாக மாறியதால் பசி குறைந்தது. குழந்தைகள் பள்ளிக்கு வந்தனர். நோயின் கொடுமையும் தணிந்தது. அந்த உரிமை அரிசியோடு நின்றுவிடாமல் முழுமையான ஊட்டமாக விரியவேண்டும். உழைக்க வந்த எவரையும் விடாமல் சென்றடைய வேண்டும். கஞ்சித்தொட்டி ஆசுபத்திரிக்கு நோயாளியாக வரவேண்டிய தேவையே பலருக்கு இல்லாத நாள், உணவுக் கொள்கை தன் நோக்கத்தை எய்திய நாளாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நியாயவிலைக் கடையில் வழங்கப்படும் பொருள்களையும் அவற்றின் அளவையும் பட்டியலிட்டு, அவற்றில் உள்ள சத்துகளையும் இல்லாத சத்துகளையும் வகுப்பில் எடுத்துரைக்க.
2. 'விலையில்லா அரிசி அனைவருக்கும் வேண்டும் – தேவையுள்ளோர்க்கு மட்டும் வேண்டும்' என்னும் பொருளில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.
3. சத்துணவு உண்டு பயின்ற உங்கள் பெற்றோர் அல்லது உறவினர் ஒருவரின் நினைவுகளைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

குறுவினா

1. ஸ்டான்லி மருத்துவமனை 'கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி' எனப் பெயர் பெற்றது ஏன்?
2. சேர்ப்புப் பிழை, விலக்குப் பிழை – வேறுபடுத்துக.

சிறுவினா

1. பஞ்ச நிவாரணத்தில் வழங்கிய தானிய அளவை மருத்துவர் கார்னிஷ் எதிர்த்ததன் காரணத்தை விளக்குக.
2. வடசென்னை வாழ்க்கை முறையில் பள்ளிக் காலை உணவு பெறும் இன்றியமையாமையைக் கூறுக.

நெடுவினா

1. உணவு உதவி ஈகையிலிருந்து உரிமையாக வளர்ந்த வரலாற்றை எடுத்துரைத்து, அது மக்கள் நல்வாழ்விலும் சமநீதியிலும் ஏற்படுத்திய மாற்றங்களைத் தொகுத்து எழுதுக.